ஈக்குப் பெயர் வைத்த படலம்

வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ ஒன்று தன் பெயரை மறந்துபோய், கன்றுக்குட்டியில் தொடங்கி ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கேட்டு அலைந்து, கடைசியில் குதிரை கனைத்ததில் தன் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்ட கதை நமக்கெல்லாம் தெரியும். நம்மூர் ஈக்கு அத்தோடு பிரச்சினை தீர்ந்தது. ஐரோப்பிய ஈக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே அது கேட்காமலேயே பெயர் வைக்க ஆள் வந்தார்கள். ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் ஒருவழியாக ஒத்துக்கொண்ட பிறகு, முதலில் வைத்த பெயர் இதுவே இல்லை என்று ஒருவர் பழைய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இதே வேலைதான்.

புதிய ஈ இனம் கண்டுபிடிப்பு என்று செய்தி படித்தால் நம் மனக்கண்ணில் காடும் தொப்பியும் வலையும் அட்டைக்கடியும் தோன்றும். அசல் நிலவரம் வேறு. பல புது ஈக்கள் அகப்படுவது அருங்காட்சியக இழுப்பறையில். யாரோ எப்போதோ பிடித்து, ஊசியில் குத்தி, சீட்டு எழுதி வைத்துவிட்டுக் காலமாகியிருப்பார். ஈயைப் பிடிப்பதில் என்ன சிரமம்? அது புதியதா பழையதா என்று சொல்வதில்தான் உயிர் போகும். அதுவரை உலகத்தில் யார் யார், எந்த மொழியில், எந்த ஈயைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவர்கள்தான் சரித்திரத்தில் அதிகமான புது இனங்களைக் கண்டுபிடித்தார்கள்.

முதல் பெயர்சூட்டு விழா ஸ்வீடன்காரர் உபயம். கார்ல் லின்னேயஸ் 1758-ல் தன் 'சிஸ்டமா நாச்சுரே' பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் கொடுத்தபோது, ஈ கொசு வகையறாவை டிப்டெரா என்று ஒரு வரிசையாக்கிப் பத்தே பேரினங்களில் அடைத்தார். இரண்டு இறக்கை என்கிற அடையாளம் அரிஸ்டாட்டில் காலத்துச் சரக்கு. இரண்டு இறக்கைப் பூச்சிக்குக் கொடுக்கு முன்பக்கம்தான், பின்பக்கம் கிடையாது என்று அவர் அப்போதே சரியாக எழுதிவைத்தார். கடிபட்ட அனுபவமாக இருக்கலாம். லின்னேயஸ் அதற்கு மேல் மெனக்கெடவில்லை. பூவுக்குள் கேசரம் எத்தனை என்று எண்ணிப் பெயர் வாங்கிய மனிதருக்கு ஈயின் மேல் என்ன பாசம் வரும்? கொசுவுக்கு ஒன்று, மாட்டு ஈக்கு ஒன்று என்று சிலவற்றைப் பிரித்தார். எதிலும் சேராததையெல்லாம் 'மஸ்கா' என்ற பேரினத்தில் தள்ளினார். அலுவலகக் கணக்கில் 'இதரச் செலவுகள்' என்று ஒரு தலைப்பு இருக்குமே, அதுதான் மஸ்கா. நம் சாப்பாட்டுத் தட்டில் உட்காரும் ஈ, மஸ்கா டொமஸ்டிகா என்ற பெயரோடு இன்றும் அந்தத் தலைப்பின் கீழ்தான் இருக்கிறது.

அடுத்து வந்தவர் லின்னேயஸின் சீடர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ். கீல் நகரத்துப் பேராசிரியர். இயற்கை வரலாற்றோடு பொருளாதாரமும் நடத்தினார். பூச்சிகளை இறக்கையை வைத்துப் பிரித்த குருவின் வழி அவருக்குப் போதவில்லை. வாயைப் பார், எதைத் தின்கிறது என்று தெரியும், அதை வைத்துப் பிரி என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மூரில் சொல்வார்கள். ஃபாப்ரீசியஸ் தானமாக வந்த ஈயைக்கூட வாயைப் பிளந்து பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். இப்படியே ஏறத்தாழ பத்தாயிரம் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். வாய் உள்ளவன் பிழைப்பான் என்பது பூச்சி விஷயத்தில் அன்றைக்கு அப்படியே பலித்தது.

அவர் மேஜைக்கு நம்மூர்ச் சரக்கும் போயிருக்கிறது. கீல் அப்போது டென்மார்க் அரசரின் ஆளுகையில் இருந்தது, தரங்கம்பாடியும் அவருடையதுதான். அதனால் ஃபாப்ரீசியஸின் புத்தகங்களில் தரங்கம்பாடிப் பூச்சிகள் நிறைய. அனுப்பி வைத்தவர்களில் டால்டார்ஃப் என்று ஒரு டேனிஷ் லெப்டினன்ட். இவர் 1791-ல் குளக்கரைப் பனைமரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அதை லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதியும் அனுப்பினார். பனையேறிக் கெண்டை என்று பெயரிலேயே சாட்சி வைத்திருக்கிற நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளைக்காரர்கள்தான் மீன் உண்மையிலேயே ஏறுமா என்று நெடுநாள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

இனி நம் கதாநாயகர். யோஹான் வில்ஹெல்ம் மைகன், பிறப்பு 1764, ஊர் ஜெர்மனியில் சோலிங்கன். பழைய சலூன்காரர்களைக் கேட்டால் அந்த ஊரைச் சொல்வார்கள். நல்ல சவரக் கத்தியில் பொறித்திருக்கும் பெயர் அது. மைகனின் தாத்தா கத்தித் தொழிலில் மாஸ்டர், கூடவே பண்ணைக்காரர், இருபது வீடு கொண்ட ஒரு குக்கிராமத்துக்கே சொந்தக்காரர். அப்பா வைத்திருந்தது சின்னக் கடை. தாத்தா போனதும் பண்ணை அப்பா கைக்கு வந்தது. ஏழாண்டுப் போர் வைத்துவிட்டுப் போன கடன், பொய்த்த விளைச்சல், யோசிக்காமல் போட்ட முதல் எல்லாம் சேர்ந்து அது கையைவிட்டும் போனது. குடும்பம் திரும்பவும் சோலிங்கனுக்கே வந்து சேர்ந்தது. எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர் மைகன். பொதுவாக இப்படி நொடித்துப்போன வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் கடையில் ஈ ஓட்டுவார்கள். இவர் அதை விஞ்ஞானமாகவே எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள். வீட்டில் குடியிருந்த நில அளவையர் ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் பியானோவும் அழகான கையெழுத்தும் பழக்கினார். அப்புறம் பிரெஞ்சு. இதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் செய்யக்கூடிய பிழைப்பு ஒன்றே ஒன்று, டியூஷன். ஊர் ஊராகப் பாடம் நடத்தி, கடைசியில் ஆஹன் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டோல்பெர்க் என்கிற ஊரில் பிரெஞ்சு வாத்தியாராக ஒண்டினார். ஓவியம், பியானோ, புவியியல் என்று எது கேட்டாலும் நடத்துவார். மீதி நேரம் ஈ.

லின்னேயஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஈயைப் பார்த்தால் பாதி ஈக்கள் எந்தப் பெட்டியிலும் உட்காரவில்லை. ஃபாப்ரீசியஸ் சொன்னபடி வாயைப் பார்ப்பதென்றால் பூதக்கண்ணாடி, பொறுமை, தெய்வ சகாயம் மூன்றும் வேண்டும். அரிசிமணியைவிடச் சின்ன பிராணிக்கு வாய் எவ்வளவு இருக்கும்? மைகன் இறக்கையைப் பார்த்தார். ஈயின் இறக்கையில் நரம்புகள் ஓடுகின்றன. எது எங்கே கிளைக்கிறது, எது எதோடு சேர்கிறது என்பது இனத்துக்கு இனம் வேறு. அதோடு உணர்கொம்பு, கண், உடம்பின் மொத்த வாகு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். இன்றைக்கும் ஈ ஆராய்ச்சிக்காரர்கள் அந்த நரம்புகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பட்டமில்லாத ஒரு பிரெஞ்சு வாத்தியார், பேராசிரியர் வாயைப் பிளந்து பார்த்ததைவிட அதிகம் பார்த்துவிட்டார் என்பதைப் பேராசிரியர்கள் சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவர் செய்த முதல் காரியம் ஒரு வெடிகுண்டு வைத்தது. புரட்சி நாட்காட்டிப்படி எட்டாம் ஆண்டு, நம் கணக்கில் 1800, பாரிஸில் பிரெஞ்சு மொழியில் 40 பக்கப் பிரசுரம் ஒன்று அவர் பெயரில் வெளிவந்தது. ஈக்களுக்கு முற்றிலும் புதிய வகைப்பாடு. 80-க்கும் மேற்பட்ட பேரினங்கள். பெயர்களைப் பார்த்தால் ஈ ஆராய்ச்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள்: லிரியோப்பே, அட்டலாண்டா, யூஃப்ரோசினே, பாலிக்சேனா, பெந்தெசிலியா. கிரேக்கப் புராணத்தில் எத்தனை தேவகன்னிகைகள், ராஜகுமாரிகள் உண்டோ அத்தனை பேரையும் சாக்கடையோரமும் சாணிக்குவியலிலும் குடியேற்றியிருந்தார். மாட்டு ரத்தம் குடிக்கும் கருப்பு ஈக்கு மெலூசினா. இவ்வளவு செய்தவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். எந்தப் பெயர் எந்த ஈயைக் குறிக்கிறது என்று புரிந்துகொள்ள உதாரணத்துக்கு ஒரு ஈயையும் குறிப்பிடவில்லை. பிரசுரத்தை யாரும் சீந்தவில்லை. மூன்று வருஷம் கழித்து இல்லிகர் என்பவர் நடத்திய பூச்சியியல் இதழில் ஜெர்மன் மொழியில் மறுபடி எழுதினார். கன்னிகைகளுக்கெல்லாம் விடைகொடுத்துவிட்டுப் புதிய பெயர்கள் வைத்தார். பழைய பிரசுரம் வேறு யாரோ எழுதியது என்பதுபோல நடந்துகொண்டார். அது எங்கோ ஒரு அலமாரியில் நூறு வருஷத்துக்குத் தூங்கப்போனது. அதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1818-லிருந்து 1838 வரை ஐரோப்பிய ஈக்களைப் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினார். படங்களையும் தாமே வரைந்தார். இந்த வேலையில் அவருக்குக் கூட்டாளி கீல் நகரத்துப் பேராசிரியர் வீடெமான். அவர் பிரசவ மருத்துவர். பகலெல்லாம் மனிதக் குட்டிகளைப் பிறப்பித்துவிட்டு, ஒழிந்த நேரத்தில் ஈக்களைப் பிறப்பித்தார். ஐரோப்பிய ஈ மைகனுக்கு, வெளிநாட்டு ஈ வீடெமானுக்கு என்று இருவரும் உலகத்தைச் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஈ சாஸ்திரத்தில் இரண்டு பேர் ஒற்றுமையாக இருந்தது அபூர்வம் என்பதால் குறிப்பிடுகிறேன்.

ஆறாம் தொகுதி, 1830, 85-ஆம் பக்கம். வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து சேரும் குட்டி ஈ ஒன்றை மைகன் வர்ணிக்கிறார். மூன்று மில்லிமீட்டர்கூட வராது. மஞ்சள் உடம்பு, சிவப்புக் கண், ஆணுக்கு வயிற்றின் நுனி கறுப்பு. டிரோசோஃபிலா என்ற பேரினத்தை ஸ்வீடன்காரர் ஃபாலன் 1823-ல் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்தார். அதில் மைகன் இதைச் சேர்த்து மெலனோகாஸ்டர் என்று பெயர் வைத்தார். சில வரி எழுதிவிட்டு அடுத்த ஈக்குப் போய்விட்டார். அது ஆப்பிரிக்காவிலிருந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டு வந்த வந்தேறி என்பது அவருக்குத் தெரியாது. 1933, 1946, 1995, 2011, 2017 என்று நோபல் பரிசுகள் இந்தப் பூச்சியால் கிடைக்கப்போகின்றன என்பதும் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நாலு வரி எழுதியிருப்பார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் 1845-ல் பான் பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். எண்பத்தொரு வயதில் கையில் வந்தது. அதே வருஷம் ஜூலையில் மனிதர் போய்விட்டார்.

மைகன் சாமானியராக இருந்தார். அவருக்குச் சமகாலத்தில் சாமானியமில்லாதவர்களும் இருந்தார்கள். பிரான்ஸில் ரோபினோ-தெவ்வாதி என்று ஒரு டாக்டர். மெலனோகாஸ்டருக்குப் பெயர் வந்த அதே 1830-ல் இவர் எண்ணூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு ஈப் புத்தகம் போட்டார். ஒரு ஈயின் காலில் மயிர் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் இவருக்குப் புது இனம். இன்னொன்று வெயிலில் வெளிறியிருந்தால் அதுவும் புது இனம். இரண்டுக்கும் தனித்தனிப் பேரினம் இருந்தால் இன்னும் உத்தமம். பிற்காலத்தவர்கள் உட்கார்ந்து பார்த்தபோது, இவர் மந்தை மந்தையாகப் பெயர் வைத்ததெல்லாம் ஒரே ஈயின் அண்ணன் தம்பிகள் என்று தெரிந்தது.

லண்டனில் ஃபிரான்சிஸ் வாக்கர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பூச்சி இழுப்பறைகளைப் பட்டியல் போடக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். புது இனத்துக்கு ஒரு ஷில்லிங், புதுப் பேரினத்துக்கு ஒரு பவுண்டு என்பது பேச்சுவழக்கில் உள்ள கணக்கு. கணக்கு நிஜமோ பொய்யோ, மனிதர் வேலை செய்த வேகம் நிஜம். ஈ, வண்ணத்துப்பூச்சி, மூட்டைப்பூச்சிக் குடும்பம் எதையும் விடவில்லை. அதே இழுப்பறையில் அதே ஈ இரண்டாம் தடவை எதிர்ப்பட்டால் இரண்டாம் தடவையும் பெயர் வைத்தார். 1874-ல் அவர் மறைந்தபோது ஒரு பூச்சியியல் இதழ் இரங்கல் எழுதியது. இருபது வருஷம் முன்னாலேயே போயிருந்தால் அவர் பெயருக்கு நல்லது, துறைக்கும் நல்லது என்கிற ரீதியில் இருந்தது அந்த இரங்கல். செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்ற விதிக்கு ஈ ஆராய்ச்சி விலக்கு.

இவர்களையெல்லாம் ஏளனமாகப் பார்த்தவர் ஹெர்மன் லோவ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய ஈ மேதை. அவரும் பள்ளிக்கூட வாத்தியார்தான். 1848-ல் ஃபிராங்க்ஃபர்ட் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்து ஜெர்மனியை ஒன்றுசேர்க்கப் பார்த்தார். அது முடியவில்லை என்றதும் ஈக்களைப் பிரிக்கும் வேலைக்கே திரும்பினார். அமெரிக்க ஈக்களை அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் ஓஸ்டன்-சாக்கன் என்ற ரஷ்யப் பிரபு, நியூயார்க்கில் ஜார் மன்னரின் தூதரக அதிகாரி. ராஜதந்திரி என்ன செய்தார் என்றால், ஈயின் உடம்பில் எந்த முள்மயிர் எங்கே முளைத்திருக்கிறது என்று வரைபடம் போட்டார். சிரிக்காதீர்கள், அதுவும் இன்றுவரை இனம் பிரிக்கப் பயன்படுகிறது.

இந்த மேதை லோவ், 1862-ல் ஒரு புது ஈயை வர்ணித்தார். பெயர் டிரோசோஃபிலா ஆம்பெலோஃபிலா. சின்ன மஞ்சள் ஈ, சிவப்புக் கண், ஆணுக்கு வயிற்று நுனி கறுப்பு. ஆம், அதேதான். முப்பத்திரண்டு வருஷம் முன் மைகன் 85-ஆம் பக்கத்தில் எழுதியதை, உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டிய ஒரே மனிதர், புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார். அமெரிக்காவில் அந்தப் பெயர்தான் பரவியது. ஹார்வர்டில் காஸல் 1906-ல் இந்த ஈயை வளர்த்துக் கட்டுரை போட்டபோதும், கொலம்பியாவில் தாமஸ் ஹன்ட் மார்கன் ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்திலும் அது ஆம்பெலோஃபிலாதான்.

இப்போது அந்த அலமாரி. 1908-ல் வியன்னாவில் ஃபிரீட்ரிக் ஹெண்டல் என்ற பள்ளி ஆசிரியர் (ஈ சாஸ்திரம் வாத்தியார்களாலேயே வளர்ந்தது, வாத்தியார்களாலேயே நாசமானது) மைகனின் 1800-ஆம் வருஷத்துப் பிரசுரத்தைத் தூசி தட்டி எடுத்து அச்சில் ஏற்றினார். பெயரிடும் சட்டம் என்ன சொல்கிறது? முதலில் அச்சான பெயருக்கே உரிமை. வைத்தவரே பிறகு வேண்டாம் என்றாலும் செல்லாது. எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தால்கூடப் பெரும்பாலும் மூலத்தில் உள்ளபடியே எழுத வேண்டும் என்கிற அளவுக்கு அது சுத்தமான ஈ அடிச்சான் காப்பிச் சட்டம். ஆக, 1803-லிருந்து ஒரு நூற்றாண்டாக உலகமே எழுதிவந்த பெயர்கள் செல்லாக்காசு. தேவகன்னிகைகளே சட்டப்படியான மனைவிகள்.

1910-ல் சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையமும் ஆமாம், 1800-க்குத்தான் முன்னுரிமை என்று சொல்லித் தொலைத்தது. ஈ உலகம் இரண்டாகப் பிளந்தது. ஒரு கோஷ்டி கைரோனோமஸ் என்று எழுதினால் எதிர்க்கோஷ்டி டெண்டிபெஸ் என்று எழுதும். இரண்டும் ஒரே கொசு மாதிரிப் பூச்சி. டாக்கினாவா லார்வீவோராவா என்று ஒட்டுண்ணி ஈக்காரர்கள் மல்லுக்கட்டினார்கள். குடும்பப் பெயர்களும் சேர்ந்து மாறின. ஒரே பூச்சியைப் பற்றி இரண்டு நாட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு பெயரில் எழுத, நூலகத்தில் அது இரண்டு அலமாரியில் போய் உட்கார்ந்தது. தன் ஈ எந்தக் கட்சி என்று தெரியாமல் மாணவர்கள் விழித்தார்கள். ஐம்பத்து மூன்று வருஷம் இந்தக் கூத்து நடந்தது. 1963-ல் ஆணையமே இறங்கி வந்து, 1800-ஆம் வருஷத்துப் பிரசுரம் பெயரிடும் விஷயத்துக்கு இல்லவே இல்லை என்று உத்தரவு போட்டது. மைகன் 1803-லேயே எடுத்த முடிவுக்கு வர அறிஞர் பெருமக்களுக்கு 160 வருஷம் ஆனது.

இதற்கிடையில் நியூயார்க்கில் மார்கனின் ஈ அறை. பால் புட்டிகள், அழுகிய வாழைப்பழம், கூடத்தில் நிற்க முடியாத நாற்றம். 1910-ல் அங்கே வெள்ளைக் கண்ணோடு ஒரு ஆண் ஈ தென்பட்டது, மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன என்று அதை வைத்து நிரூபித்தார்கள் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. நமக்கு வேண்டியவர் மார்கனின் மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட். பட்டப்படிப்பு மாணவராக இருக்கும்போதே ஓர் இரவு வீட்டுப்பாடத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு உலகத்தின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டவர். கண் நிறம் மாறிய ஈக்களை வைத்தே பிழைப்பு நடந்த அந்த அறையில் இவருக்கு நிறக்குருடு.

இவர் 1919-ல் ஒரு புது ஈயை வர்ணித்தார். கண்டுபிடித்த இடம் அமேசான் காடு அல்ல. அவர்கள் தினம் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதிரி ஈக்களுக்கு நடுவில். மெலனோகாஸ்டர் என்று எல்லாரும் நினைத்த கூட்டத்துக்குள் இன்னொரு இனம் இத்தனை வருஷமும் வாய் திறக்காமல் வாடகை கொடுக்காமல் இருந்திருக்கிறது. குட்டு வெளிப்பட்டது கல்யாணத்தில். சில ஜோடிகளைச் சேர்த்தால் பிறப்பதெல்லாம் பெண்ணாகவே பிறந்தது. அந்தப் பெண்களுக்கும் குழந்தை இல்லை. சம்பந்தி வீட்டாரில் ஒருவர் வேற்று இனம் என்று ஸ்டர்டிவன்டுக்குப் புரிந்துவிட்டது. புதியதற்கு சிமுலன்ஸ் என்று பெயர் வைத்தார். பெண் ஈக்களைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது இன்றும் பெரும்பாடு. ஆணின் பிறப்புறுப்பைப் பார்த்தால் சட்டென்று தெரியும். லின்னேயஸ் இறக்கையை எண்ணினார், ஃபாப்ரீசியஸ் வாயைப் பார்த்தார், மைகன் நரம்பைப் பார்த்தார், ஓஸ்டன்-சாக்கன் மயிரை எண்ணினார். விஞ்ஞானம் முன்னேற முன்னேற பார்வை பின்பக்கம் போய் நின்றது. இப்போது புது ஈ என்று யாராவது சொன்னால், அதன் வால்நுனியைக் காரத்தில் ஊறவைத்துப் பிரித்து, படம் வரைந்து காட்டினால்தான் சக நிபுணர்கள் வாயைத் திறப்பார்கள்.

லோவ் வைத்த ஆம்பெலோஃபிலாவை ஒதுக்கிவிட்டு, மூத்த பெயரான மெலனோகாஸ்டருக்கு எல்லாரும் திரும்பினார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால், 2007 வாக்கில் அடுத்த வில்லங்கம். டிரோசோஃபிலா பேரினம் சுமார் 1,500 இனங்களோடு வீங்கிக் கிடந்தது. உள்ளே உண்மையான உறவுக்காரர்களும் இருந்தார்கள், ஒட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். பாகப்பிரிவினை செய்தால் பெயர் யாருக்கு? பேரினத்துக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட இனம் ஃபாப்ரீசியஸ் 1787-ல் பெயர் வைத்த ஃபூனெப்ரிஸ். அது மெலனோகாஸ்டருக்குத் தூரத்துச் சொந்தம். எனவே டிரோசோஃபிலா என்ற பெயர் அந்தப் பக்கம் போய், உலகப் புகழ்பெற்ற நம் ஈ சோஃபோஃபோரா மெலனோகாஸ்டர் ஆகிவிடும். ஆதார இனத்தையே மாற்றி மெலனோகாஸ்டரை அங்கே உட்காரவையுங்கள் என்று ஆணையத்துக்கு மனுப் போட்டார்கள். 2010-ல் மனு தள்ளுபடி. சட்டம் என்றால் சட்டம், நோபல் வாங்கிக் கொடுத்தாலும் ஃபூனெப்ரிஸுக்குத்தான் உரிமை. ஆராய்ச்சிக்கூடங்கள் தீர்ப்பைப் படித்தன, பெயரை மாற்றவில்லை, புட்டியில் பழைய சீட்டையே ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தன.

இந்தத் தலைமுறை பெயர்சூட்டிகளுக்குக் கொஞ்சம் சந்தோஷ மனசு. ஹவாயில் இருக்கும் நீல் ஈவன்ஹுயிஸ் என்பவர் 2002-ல் பீசா என்ற பேரின ஈ ஒன்றுக்குக் கேக்கே என்று பெயர் வைத்தார். இரண்டையும் ஆங்கிலக்காரர் வாயால் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், சுலபமான வேலைக்கு அவர்கள் சொல்லும் வழக்கு வரும். ஆஸ்திரேலியாவில் பிரையன் லெசார்ட் 2011-ல் ஒரு குதிரை ஈக்குப் பாடகி பியான்சே பெயரை வைத்தார். வயிற்றில் பொன்னிற மயிர். குவீன்ஸ்லாந்தில் அது பிடிபட்ட வருஷம் 1981, பாடகி பிறந்த வருஷமும் அதுவே. முப்பது வருஷம் இழுப்பறையில் இருந்துவிட்டு நேராக உலகச் செய்தியானது. அடுத்த வருஷம் தாய்லாந்திலிருந்து 0.4 மில்லிமீட்டர் ஈ, அன்றைக்குத் தெரிந்தவரை உலகத்திலேயே சின்னது. எறும்பின் தலைக்குள் குடியிருக்கும் வம்சம். 2015-ல் ஈவன்ஹுயிஸும் மார்ஷலும் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றைப் பிடிக்காமலே புகைப்படத்தை மட்டும் வைத்துப் புது இனமாக அறிவித்தார்கள். நிபுணர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படத்தை வைத்து வால்நுனியை எப்படி ஊறவைப்பது?

கையில் ஈ இருந்தால் மட்டும் வாழ்ந்ததா? லோவிடம் ஒரு பால்டிக் அம்பர் துண்டு இருந்தது. பல கோடி வருஷம் முன் மரப்பிசினில் மாட்டிக் கல்லான பூச்சிகளை அவர் ஆராய்ந்து 1850-ல் எழுதியவர். அந்தத் துண்டுக்குள் ஒரு ஈ கால் மயிர்கூடக் கலையாமல் அம்சமாக உட்கார்ந்திருந்தது. 1922-ல் அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1966-ல் வில்லி ஹென்னிக் அதை எடுத்துப் பார்த்தார். இவர் சாதாரண ஆள் இல்லை. உயிர்களின் வம்சாவளியைப் பிரிக்க இன்று உலகம் பின்பற்றும் முறையை உண்டாக்கியவர். அதன் முதல் வரைவைப் போர்க்கைதியாக இருந்தபோது எழுதியவர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கை நரம்பு, முள்மயிர் எல்லாம் சோதித்தார். சந்தேகமே இல்லை, இது ஃபானியா ஸ்கலாரிஸ். கழிப்பிடத்தில் வளரும் ஈ, பெயர் வைத்தவர் நம் ஃபாப்ரீசியஸ். இன்றும் அதே உருவில் பறந்துகொண்டிருக்கிறது. சுமார் நாலு கோடி வருஷமாகத் துளியும் மாறாத ஈயா? ஹென்னிக்குக்கு உதைத்தது. கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறியைப் போட்டுவைத்தார்.

1993-ல் ஆண்ட்ரூ ராஸ் என்பவர் அதே துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குச் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் ஓடியது. உற்றுப் பார்த்தால், அம்பரை யாரோ இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் குடைந்து, நடப்புக் காலத்துக் கக்கூஸ் ஈ ஒன்றை உள்ளே வைத்துப் பக்குவமாக ஒட்டியிருக்கிறார்கள். லோவ் ஏமாந்தார், அருங்காட்சியகம் ஏமாந்தது. ஹென்னிக் மட்டும் இனத்தைத் துல்லியமாகச் சொல்லியிருந்தார். அது ஃபானியா ஸ்கலாரிஸ்தான்.